சேமிப்பு வலையின் சுவிட்சை ஏன் கண்காணிக்க வேண்டும்? எப்படி?

சர்வருக்கும் வட்டு அடுக்குக்கும் நடுவே தரவைக் கடத்துவது ஃபைபர் சேனல் சுவிட்ச். எல்லா விளக்கும் பச்சையாக எரியும்போதே அது திணறிக்கொண்டிருக்கலாம்.

ஏன்? இந்த வலையில் பெறும் முனை, தன்னிடம் எத்தனை சட்டகங்களுக்கு (தரவுத் துண்டுகளுக்கு) இடம் உண்டு என்று முன்பே சொல்லிவிடும். அந்த எண்ணிக்கைதான் ‘கிரெடிட்’. ஒரு சட்டகம் போனால் ஒன்று குறையும். இடம் காலியானதாகப் பதில் வந்தால் ஒன்று கூடும். பூஜ்யமானால் அனுப்பும் முனை காத்திருக்கும். நெரிசலில் தரவு தொலையாமல் காப்பது இந்த ஒழுங்குதான். ஆனால் மெதுவாகப் பெறும் ஒரே ஒரு கருவி, அதே பாதையில் வரும் மற்றவற்றையும் தேக்கிவிடும்.

எப்படி? 1988இல் வந்த எஸ்.என்.எம்.பி. என்ற கண்காணிப்பு நெறிமுறை இன்றும் உதவுகிறது. கண்காணிக்கும் கணினி 161ஆம் போர்ட்டில் கேள்வி கேட்கும். கோளாறு நேர்ந்தால் சுவிட்ச் தானாகவே 162க்கு ‘டிராப்’ செய்தி அனுப்பும். அச்செய்தி வழியில் தொலையலாம். ஆகவே இரண்டும் வேண்டும்.

கிரெடிட் பூஜ்யமாக நின்ற நேரம், சி.ஆர்.சி. பிழைகள் (சட்டகம் சிதைந்து வந்ததைக் காட்டுபவை), வந்துசேரும் ஒளியின் திறன் ஆகிய மூன்றையும் பாருங்கள். பிழை ஏறி ஒளி குறைந்தால், முதலில் கேபிள் முனையின் தூசியைத் துடையுங்கள். பிழைகளின் மொத்த எண்ணைவிட, அது ஏறும் வேகமே முக்கியம்.

எஸ்.என்.எம்.பி.யின் பழைய பதிப்புகளில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே பயணிக்கும். மூன்றாம் பதிப்பில் அடையாளச் சோதனையும் மறையாக்கமும் உண்டு, அதையே அமையுங்கள். எல்லாச் சுவிட்சுகளின் கடிகாரமும் ஒத்திருக்கட்டும். அப்போதுதான் எது முதலில் பழுதானது என்பது தெரியும்.