கீச்சுச் சத்தத்துக்குள் ஒரு கடிதம்!

"கர்ர்ர்... கீச்!"

ஒரு விநாடிதான். அதற்குள் சத்தம் நின்றுவிடும். ரேடியோ கெட்டுப்போய்விட்டது என்றுதான் பக்கத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஆனால், அந்தச் சத்தத்துக்குள் ஒரு கடிதம் இருக்கிறது. யார் எழுதியது, யாருக்கு எழுதியது, எந்த வழியாக வந்தது என்ற விலாசமும் அதில் இருக்கிறது!

தபால்காரர் இல்லை. டெலிபோன் கம்பி இல்லை. கைபேசிக் கோபுரமும் இல்லை. ஒரு சின்ன ரேடியோ, ஒரு பழைய கம்ப்யூட்டர், இரண்டையும் இணைக்கும் ஒரு வயர். இவ்வளவுதான் சாமான்.

2019-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி, இப்படிக் கீச்சிடும் கருவி ஒன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஆகாயத்துக்கே போயிற்று.

வேலை முடிந்த வண்டி

அன்று புறப்பட்டது பி.எஸ்.எல்.வி. சி-45 ராக்கெட். காஞ்சீபுரத்தை அடுத்த ஓரிக்கையில் இருந்து நேர்கோட்டில் அளந்தால், ஸ்ரீஹரிகோட்டா நூறு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம்.

இந்த ராக்கெட்டுக்கு நான்கு அடுக்குகள். கீழ் அடுக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து கழன்று விழுந்துவிடும். நான்காவது அடுக்குதான் செயற்கைக்கோள்களைச் சுமந்துகொண்டு மேலே போகும். அவற்றை இறக்கிவிட்ட பிறகு அதற்கு வேலை இல்லை. மாப்பிள்ளையை மண்டபத்தில் இறக்கிவிட்ட வண்டி மாதிரி, சும்மா சுற்றிக்கொண்டு கிடக்கும்.

"சும்மா சுற்றுவதற்குப் பதில் ஏதாவது வேலை கொடுத்தால் என்ன?" என்று இஸ்ரோ விஞ்ஞானிகள் நினைத்தார்கள். நான்காவது அடுக்கில் சூரிய ஒளித் தகடுகளைப் பொருத்தினார்கள். மூன்று கருவிகளை வைத்தார்கள். அவற்றில் ஒன்று, ஆம்சாட் இந்தியா என்ற ரேடியோ ஆர்வலர்கள் சங்கத்தின் கருவி.

அது என்ன செய்தது? 485 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. கீழே இருந்து யாராவது கடிதம் அனுப்பினால், காதில் வாங்கி, அப்படியே திருப்பிச் சொன்னது. ஓரிக்கைப் பாலாற்றங்கரையில் இருந்து அனுப்பினால், அதே கணத்தில் டில்லியில் இருப்பவர் படிக்கலாம்! அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் இரண்டு ஊரும் அதன் பார்வைக்குள் அடங்கும். ஒரே சங்கடம், அது தலைக்கு மேல் வந்து மறைவதற்குப் பத்து நிமிடம்தான். அதற்குள் அனுப்பியாக வேண்டும்.

நெசவாளருக்குப் புரியும்

கடிதம் எப்படிச் சத்தம் ஆகிறது?

காஞ்சீபுரத்துத் தறிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டுச் சேலையின் கரையில் மயிலும் அன்னமும் வருவதற்கு, ஜக்கார்டு பெட்டியில் துளை போட்ட அட்டைகளைக் கோக்கிறார்கள். ஓர் இடத்தில் துளை இருக்கும், அல்லது இருக்காது. இந்த இரண்டே இரண்டை மாற்றி மாற்றி வைத்து மயிலையே கொண்டுவந்துவிடுகிறார்கள்!

இங்கேயும் இரண்டுதான். ஒன்று தடித்த குரல். விநாடிக்கு 1,200 அதிர்வு. இன்னொன்று மெல்லிய குரல். விநாடிக்கு 2,200 அதிர்வு. குரல் மாறினால் பூஜ்யம். மாறாமல் நின்றால் ஒன்று. ஒரு விநாடிக்குள் 1,200 தடவை இப்படிச் சொல்லிவிடும். நம் காதுக்கு அது வெறும் கீச்சு!

நீளமான கடிதத்தை ஒரே மூச்சில் அனுப்புவது இல்லை. சிறு சிறு பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் விலாசம் எழுதி அனுப்புகிறார்கள். அதனால்தான் இதற்குப் பாக்கெட் ரேடியோ என்று பெயர். ரேடியோவைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இதை முதன்முதலாகச் செய்து பார்த்தது 1978-ம் ஆண்டு, கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரத்தில்.

பெட்டி மறைந்த கதை

அந்த நாளில் எழுத்தைச் சத்தமாகவும், சத்தத்தை எழுத்தாகவும் மாற்றுவதற்குத் தனியாக ஒரு பெட்டி வேண்டும். அமெரிக்காவில் டூசான் நகரத்து ஆர்வலர்கள் 1982-ல் ஒரு சங்கம் வைத்து, அந்தப் பெட்டியை வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும்படி உதிரிப் பாகங்களாக விற்றார்கள்.

இன்று பெட்டி தேவையே இல்லை. கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்பதற்கு ஒரு பாகம் இருக்கிறது அல்லவா? அதுவே சத்தத்தை வாங்கிக்கொள்ளும், சத்தத்தைக் கொடுக்கும். நடுவில் கணக்குப் போட ஒரு மென்பொருள் போதும். "டைர் உல்ஃப்" என்ற ஒன்று பெயர் பெற்றது. பூமியில் இருந்து அற்றுப்போன ஓநாயின் பெயர்! அதற்குக் காசு இல்லை.

மிச்சம் இருப்பது வயர் வேலைதான். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

ரேடியோவின் காதுக் குழாய் வாயில் இருந்து கம்ப்யூட்டரின் மைக் வாய்க்கு ஒரு வயர். கம்ப்யூட்டரின் காதுக் குழாய் வாயில் இருந்து ரேடியோவின் மைக்குக்கு இன்னொரு வயர். ரேடியோவின் மைக் மிக மெல்லிய மின்சாரத்துக்குப் பழகியது. கம்ப்யூட்டர் கொடுப்பதோ பல மடங்கு. நேராகக் கொடுத்தால் சத்தம் சிதைந்து, எதிர்முனையில் ஓர் எழுத்தும் தேறாது. இரண்டு ரெசிஸ்டர்களைப் போட்டுக் குறைக்க வேண்டும்.

இரண்டு கருவிக்கும் தனித்தனி மின்சாரம் என்றால், "உம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் நுழையும். நடுவே கட்டை விரல் அளவு டிரான்ஸ்பார்மர் வைத்தால் அது ஓடிவிடும். ரேடியோவின் பேச்சுப் பொத்தானை அழுத்த ஒரு டிரான்சிஸ்டர். எல்லாமே சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சில்லறைச் சாமான்கள். சத்தம் பெரிதாக இருந்தால்தான் தூரம் போகும் என்று நினைத்து வால்யூமைத் திருகுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு.

பெயர் மாறினால்?

கைபேசி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

2004-ம் ஆண்டு டிசம்பர் மாதம். பாரதி பிரசாத் என்ற அம்மையார், ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிலையத்தின் குழுவோடு அந்தமான் போயிருந்தார். போர்ட் பிளேரில் ஓர் ஓட்டலில் இருந்தபடி, உலகத்து ரேடியோ ஆர்வலர்களோடு பேசிக்கொண்டிருந்தார். 26-ந் தேதி காலை பூமி குலுங்கியது. சுனாமி வந்தது. டெலிபோன்கள் ஊமையாகிவிட்டன. அம்மையாரின் ரேடியோ மட்டும் பேசியது! யார் பிழைத்தார்கள், யாரைக் காணோம் என்ற செய்திகள் நாட்கணக்கில் அதன் வழியே கரைக்கு வந்தன.

அவர் அனுப்பியது வாய்ப்பேச்சு. பேச்சில் ஓர் ஆபத்து உண்டு. இரைச்சலுக்கு நடுவே "கணேசன்" என்று சொன்னது "குணசேகரன்" என்று கேட்டால், ஒரு வீட்டில் வீண் அழுகை. இன்னொரு வீட்டில் வீண் நம்பிக்கை. மருந்தின் அளவு மாறினால் இன்னும் மோசம்.

பாக்கெட் முறையில் அந்தப் பயம் குறைவு. மளிகைக் கடைச் சீட்டின் அடியில் மொத்தம் போடுவது போல, ஒவ்வொரு பொட்டலத்தின் கடைசியிலும் ஒரு கணக்கு இருக்கும். வாங்குகிற கம்ப்யூட்டர் தானும் ஒரு தடவை கூட்டிப் பார்க்கும். பொருந்தாவிட்டால் பொட்டலத்தைத் தள்ளிவிடும். பதில் வராததைக் கண்டு, அனுப்பியவரின் கம்ப்யூட்டர் மறுபடியும் அனுப்பும். இப்படிச் சரிபார்த்து வந்த பெயர்ப் பட்டியலை நம்பி வாசிக்கலாம்.

தமிழிலும் அனுப்பலாம். ஆனால், இடம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம் என்றால், தமிழில் எழுத்துக்கு மூன்று, புள்ளிக்கும் காலுக்கும் தனியாக மும்மூன்று. "அம்மா நலம்" என்பதற்கு 28 இடம். அதற்கும் விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகிறது!

பரீட்சை உண்டு

ஆசை வந்ததும் ரேடியோவை வாங்கி அனுப்ப ஆரம்பித்துவிடக் கூடாது. மத்திய அரசு நடத்தும் பரீட்சையில் தேறி, உரிமம் பெற வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் தேறியிருக்கிறார்கள். தேறியவர்களுக்கு "வி.யு." என்று தொடங்கும் அழைப்புப் பெயர் கிடைக்கும். வியாபாரம் பேசக் கூடாது. ரகசியக் குறியீட்டில் எழுதவும் கூடாது. தபால் அட்டை மாதிரி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அந்த ராக்கெட் அடுக்கு ஒன்றுதான் ஆகாயத் தபால்காரர் என்பதும் இல்லை. மனிதர்கள் குடியிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் இதே வேலையைச் செய்யும் ரேடியோ இருக்கிறது. அதுவும் அதே 145.825 மெகாஹெர்ட்ஸில்தான் கேட்டுத் திருப்பிச் சொல்லும். பாலாற்றங்கரையில் மரமும் மாடியும் மறைக்காத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, அது எந்தத் திசையில், எத்தனை மணிக்கு எழும்பும் என்பதை முன்னதாகவே கணக்குப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.