பீலிக்கரைத் தோழர்கள்

கண்டி நகரிலிருந்து ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கம் போனால் ஒருபுறம் தேயிலை மலையும் லயங்களும், மறுபுறம் சிங்களக் கிராமங்களின் வயல்களும் தெரியும். பாடசாலை பிள்ளைகளை மொழிவாரியாகப் பிரித்து வைத்திருந்தது. ஆனால் பீலிக்கரையிலும் விளையாட்டிலும் கடைவீதியிலும் அவர்கள் கூடினார்கள். ஒருவரையொருவர் ‘மச்சான்’ என்று அழைத்தார்கள். அந்தச் சொல் இரு மொழிக்கும் பொதுவானது.

இத்தோழமையைக் குலைத்தது பிள்ளைகளின் சண்டையல்ல. 1948 இன் குடியுரிமைச் சட்டம் லயத்துப் பிள்ளையை நாடற்றவனாக்கியது. 1972 இன் காணிச் சீர்திருத்தம் தனியாரின் காணியை 50 ஏக்கருக்கு மட்டுப்படுத்தியது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. காணியற்ற கிராமத்தவருக்குக் காணி கிடைப்பது நியாயமே. ஆனால் கண்டிப் பகுதித் தோட்டங்கள் சிலவற்றில், தலைமுறைகளாக உழைத்தோர் வேலையையும் லயத்தையும் இழந்தனர். ஒரு தோழனின் வீட்டுக்கு விடிவாக வந்த காணியே மற்றவனின் வீட்டை வெளியேற்றியது.

1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களின்போது மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் கமம் செய்தன. இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கு இது சொந்தக் கதையாகவே இருக்கும். 1983 இல் மூண்ட யுத்தம் 2009 வரை நீடித்தது. வேலையில்லாக் கிராமத்து இளைஞர் பலர் இராணுவத்தில் சேர்ந்தனர். வன்னிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் தாமாகவே இயக்கத்துக்குப் போயினர். கடைசி ஆண்டுகளில் ‘வீட்டுக்கொருவர்’ என்று புலிகள் கட்டாயமாகவும் பிடித்துச் சென்றனர். ஒரே பீலியில் குளித்த இருவரின் குடும்பங்கள் இவ்வாறுதான் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றன. எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் வறுமையும் துரத்தலுமே தீர்மானித்தன.

இந்தப் பிளவு வருமுன்பே அதைத் தடுக்க முயன்றோரும் கண்டியில் இருந்தனர். 1972 இல் இயேசு சபைக் குருவான அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் அங்கு ‘சத்யோதய’ நிலையத்தைத் தொடங்கினார். வெவ்வேறு இன, மத இளைஞர் ஒன்றாக வாழ்ந்து, கிராமத்தவரையும் தோட்டத்தவரையும் சந்திக்கச் செய்வதே அதன் வழி. யுத்தத்தை அது நிறுத்தவில்லை. ஆயினும் கிராமத்து ஏழையும் தோட்டத்து ஏழையும் பகைவரல்லர் என்பதை அது வாழ்ந்து காட்டியது.

1977 இல் பத்து வயதாயிருந்தவர் இன்று அறுபதை நெருங்குகிறார். அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கலாம். வீட்டைக் கொளுத்தியவர்களைப் பற்றி நாம் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். அது சொல்லப்பட வேண்டியதே. அன்று ஒளித்து வைத்துச் சோறு தந்த சிங்கள அயலவரைப் பற்றியும், பீலிக்கரைத் தோழனைப் பற்றியும் சொன்னோமா? அவனுடைய பெயர் நமக்கு இன்னும் நினைவிருக்கிறது. இன்றிரவு அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.