வைரத் தோடு வாங்கப் போறீங்களா? அந்த 'கார்டு' யார் கொடுத்ததுன்னு முதல்ல பாருங்க!

2025 ஜூனில் ரீல்ஸைப் பார்த்துவிட்டு கூமாப்பட்டிக்கு வண்டியை எடுத்தவர்கள் ஏராளம். பிளவக்கல் அணையில் குளிக்க அனுமதியே இல்லை என்பது பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. போனது பெட்ரோல் காசு மட்டும்தான், விடுங்க.

அதே கூமாப்பட்டியில் ஒரு கல்யாண வீடு, பெண்ணுக்கு ஏழு கல் வைரத் தோடு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், மதுரை என்று எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் ஒரு வசனம் காதில் விழும். "அக்கா, ஈ-எஃப் கலர், விவிஎஸ் கல்லு. சர்ட்டிபிகேட்டோட தர்றோம்." வீட்டில் பெரியவர்கள் கல் குடும்பத்துக்கு ஆகுமா, தோஷம் இருக்கா என்று கேட்பார்கள். சின்னவர்கள் ஆஃபர் எவ்வளவு என்பார்கள். அந்த சர்ட்டிபிகேட்டை யார் கொடுத்தது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

ஹால்மார்க் இருக்கே, போதாதா?

போதாது. தங்க நகைகளுக்கு 2021 ஜூன் முதல் கட்டம் கட்டமாக ஹால்மார்க் கட்டாயமானது. நகையில் இருக்கும் ஆறு இலக்க எச்யூஐடி எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டால் விவரம் வந்துவிடும். ஆனால் அந்த முத்திரை சொல்வது தங்கத்தின் தூய்மையை மட்டுமே. அதில் பதித்திருக்கும் கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. தங்கத்துக்கு அரசு முத்திரை இருக்கிறது. வைரத்துக்கு ஏதோ ஒரு ஆய்வகத்தின் வார்த்தைதான் இருக்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. தங்கத்தில் கேரட் என்றால் தூய்மை, வைரத்தில் எடை. ஒரு கேரட் 200 மில்லிகிராம். நம்ம ஊர்க் கடைகளில் சொல்லும் 'சென்ட்' அதில் நூறில் ஒரு பங்கு. 10 சென்ட் கல் என்றால் வெறும் 20 மில்லிகிராம்.

அதென்ன ஈ-எஃப், விவிஎஸ்?

அமெரிக்காவில் 1931-ல் தொடங்கிய ஜிஐஏ என்ற நிறுவனம் பரப்பிய அளவுகோல் இது. நிறத்துக்கு டி முதல் இசட் வரை எழுத்துகள். டி என்றால் நிறமே இல்லாதது, கீழே போகப் போக மஞ்சள் ஏறும். கல்லுக்குள் இருக்கும் குறைகளுக்குத் தனியாக 11 படிகள். விவிஎஸ் என்றால் 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் குறையைக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

இந்த கிரேடிங்கில் மெஷின்கள் உதவினாலும், பெரும்பங்கு மனிதக் கண்களின் தீர்ப்புதான். மாதிரிக் கற்களுக்குப் பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிடுகிறார்கள். நல்ல ஆய்வகத்தில் ஒருவர் சொன்னதை வைத்து முடிக்க மாட்டார்கள், பார்ப்பவருக்குக் கல் யாருடையது என்பதும் தெரியாது. கொஞ்சம் தாராளமாகப் பார்த்தால் ஜி கலர், எஃப் கலர் ஆகிவிடும். கல் அதேதான், விலை மட்டும் ஏறும்.

இது கற்பனை இல்லை. ஈஜிஎல் என்ற பெயரில் வந்த ரிப்போர்ட்டுகள் ஜிஐஏ பயன்படுத்தும் அதே எழுத்துகளைப் போட்டுக்கொண்டு, பல படி தளர்வாக கிரேடு கொடுப்பதாகப் புகார் வலுத்தது. வைர வியாபாரிகளின் ஆன்லைன் சந்தையான ராப்நெட், 2014 அக்டோபர் 1 முதல் ஈஜிஎல் ரிப்போர்ட்டுடன் கற்களைப் பட்டியலிட அனுமதிப்பதையே நிறுத்தியது. ஜிஐஏ-வும் சர்ச்சைக்குத் தப்பவில்லை. லஞ்சம் வாங்கிக்கொண்டு கிரேடை உயர்த்தியதாக எழுந்த புகாரில், 2005-ல் அதன் ஊழியர்கள் 4 பேர் வேலையை இழந்தார்கள். ஆக, பெரிய பெயரைப் பார்த்தாலும் கண்ணை மூடிக்கொள்ளத் தேவையில்லை. அந்தப் பெயரே இல்லாமல், கடை தானே அச்சடித்துக் கொடுக்கும் கார்டு என்றால், என்னைக் கேட்டால் அது இன்னொரு விளம்பர நோட்டீஸ்தான்.

14 கல், ஒரே கார்டு

ஒற்றைக் கல் மோதிரத்துக்கு ரிப்போர்ட் பார்ப்பது சுலபம். நம்ம ஏழு கல் தோட்டில்தான் சிக்கல். ஜோடிக்கு 14 கல். எல்லாம் சின்னச் சின்னது. ஒவ்வொன்றுக்கும் தனி ரிப்போர்ட் எடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் முழு நகைக்கும் ஒரே ரிப்போர்ட் வரும். ஐஜிஐ போன்ற ஆய்வகங்கள் இப்படிக் கொடுக்கின்றன. அதில் மொத்த எடையும், 'ஈ முதல் எஃப் வரை' என்பது போன்ற வரம்பும் இருக்கும். கற்கள் பதித்த பிறகு பார்த்ததா என்பதையும் கவனியுங்கள். கட்டியிருக்கும் கல்லை எல்லாப் பக்கமும் பார்க்க முடியாது, எடையும் கணக்குப் போட்டுச் சொன்னதாக இருக்கலாம். பின்பக்கம் மூடிய குளோஸ் செட்டிங் என்றால் இன்னும் கஷ்டம். முடிந்தால் ஓபன் செட்டிங் கேளுங்கள்.

லேப் வைரம் வந்த பிறகு

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் கார்பன்தான். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 2023 பட்ஜெட்டில் அறிவித்து, இதன் ஆராய்ச்சிக்காகச் சென்னை ஐஐடி-க்கு 5 ஆண்டுகளில் சுமார் 242 கோடி ரூபாய் ஒதுக்கியது மத்திய அரசு. லேப் வைரம் வாங்குவதில் தப்பே இல்லை. விலை பல மடங்கு குறைவு. லேப் கல்லை இயற்கைக் கல் விலைக்கு விற்றால்தான் வம்பு. கடையில் கல்லில் வைத்து 'பீப்' சத்தம் காட்டும் டெஸ்டர் பேனாவை நம்பாதீர்கள். பெரும்பாலான பேனாக்களுக்கு லேப் வைரமும் வைரம்தான்.

2021-ல் ஜிஐஏ-விடமே ஒரு வேடிக்கை நடந்தது. கல்லின் ஓரத்தில் லேசரால் பொறித்த எண்ணுடன் ஒரு வைரம் வந்தது. அந்த எண் நிஜம், அதற்கு ஒரு இயற்கை வைரத்தின் ரிப்போர்ட்டும் இருந்தது. வந்த கல்லோ லேபில் வளர்ந்தது. யாரோ எண்ணை மட்டும் திருடிப் பொறித்திருக்கிறார்கள். அதனால், இணையத்தில் எண்ணைப் போட்டதும் ரிப்போர்ட் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். அதில் உள்ள எடை, மில்லிமீட்டர் அளவு, குறைகளின் வரைபடம் கையில் இருக்கும் கல்லோடு பொருந்துகிறதா என்று லென்ஸ் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். லேப் வைரங்களுக்கு டி-இசட் கிரேடு கொடுப்பதை 2025 அக்டோபர் முதல் ஜிஐஏ நிறுத்திவிட்டது. இப்போது 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்டு' என்று இரண்டே வகை.

பில்லில் என்ன இருக்கணும்?

'டைமண்ட்' என்று மொட்டையாக எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இயற்கையா லேபா, மொத்த கேரட், கற்களின் எண்ணிக்கை, கலர், கிளாரிட்டி, ஆய்வகத்தின் பெயர், ரிப்போர்ட் எண் எல்லாம் பில்லில் வரட்டும். தங்க எடையையும் கல் எடையையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். திரும்ப எடுக்கும் விலையையும் எழுத்தில் வாங்குங்கள். "நம்ம கடைதானே அண்ணே" என்ற வாய் வார்த்தை பிறகு உதவாது.

சந்தேகம் வந்தால் வேறொரு ஆய்வகத்தில் காட்டலாம். ஏமாற்றப்பட்டது உறுதியானால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. வழக்கு போட விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே நுகர்வோர் கோர்ட் உண்டு. வாங்கிய கடை வெளியூரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.