பிறவியிலேயே உண்டாகும் இரத்தக்குழாய் முடிச்சு



பிள்ளைக்கு வலிப்பு வந்தால், தாய் கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாளோ என்று திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் கேட்பதுண்டு. சிலருக்குக் காரணம் மூளையிலுள்ள இரத்தக்குழாய் முடிச்சு. தமனியின் இரத்தம் நுண்குழாய்களில் வேகம் தணிந்த பிறகே சிரைக்குள் செல்லவேண்டும். இவர்களுக்கோ நடுவில் அந்த நுண்குழாய்கள் இல்லை. அணைத் தண்ணீரை மதகில்லாமல் வயல் வாய்க்காலில் விட்டால் கரை தாங்குமா? பெரும்பாலும் இது பரம்பரை நோயல்ல, தாயின் குற்றமுமல்ல. (யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டதை நினைத்துக்கொள்கிறோம்.) ஆண்டுதோறும் நூற்றில் 2 முதல் 4 பேருக்கு இரத்தம் கசியலாம், ஒருமுறை கசிந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். திடீர்க் கடுந்தலைவலி, வலிப்பு, கைகால் தளர்ச்சி கண்டால் மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தாமல் ஸ்கேன் எடுக்கவேண்டும். எல்லா முடிச்சுக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. மதுரைவரை நோயாளியைக் கொண்டுசேர்க்கும் வண்டிச் செலவுக்கு உங்கள் காணிக்கை உதவுகிறது.