அடக்க விலை

இலாப நட்டக் கணக்கை முப்பது ஆண்டுகள் கற்பித்தவன் நான். "அடக்க விலை 100 ரூபாய், விற்ற விலை 120 ரூபாய், இலாபம் யாது?" என்று கரும்பலகையில் எழுதுவேன். அந்த 100 ரூபாயைக் கண்டறிவது எவ்வாறு என்று நானும் சொன்னதில்லை, மாணவரும் கேட்டதில்லை.

அக்குறையை எனக்கு உணர்த்தியவன் என் பழைய மாணவன் ஒருவன். கோவையில் பம்புத் தண்டுகள் கடையும் சிறு பட்டறை அவனுடையது. கைத்திறனில் அவனுக்கு இணை காண்பது அரிது. தண்டை விரலால் தடவியே அளவு பிசகியதைச் சொல்லிவிடுவான். வேலை குவிந்தது, இரவிலும் இயந்திரம் ஓடிற்று, ஆயினும் கடன் வளர்ந்தது. "எங்கே போகிறது என்றே தெரியவில்லை, ஐயா" என்று என்னிடம் வந்தான்.

இருவரும் அமர்ந்து கணக்கிட்டோம். இரும்பின் விலையோடு ஆள் கூலியைக் கூட்டி, மேலே சிறிது வைத்து விற்றிருக்கிறான். மின் கட்டணம், வாடகை, மழுங்கும் உளிகள், கழித்துத் தள்ளிய தண்டுகள், இயந்திரத் தேய்மானம், வட்டி ஆகியவை விலையில் ஏறவில்லை. தன் சொந்த உழைப்புக்கு அவன் கூலியே போடவில்லை! விற்ற சரக்கிற்குப் பணமும் மூன்று மாதம் கழித்தே வந்தது. சிறு தொழிலாளரிடம் வாங்குவோர் 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருப்பதை அவன் அறியான்.

பெரிய ஆலையில் சரக்கு வாங்க ஒருவர், கணக்கெழுத ஒருவர், தரம் பார்க்க ஒருவர் உண்டு. சிறு பட்டறையிலோ எல்லாம் உரிமையாளரே. அவருக்குத் தெரியாதது அப்பட்டறைக்கே தெரியாது.

சிவகாசியைப் பாருங்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். ஊர் திரும்பியபின் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்தனர்; அது கட்டுப்படியாகாது எனக் கண்டதும் கைவேலை முறைக்கு மாறினர். தொழிலைக் கற்றதை எல்லோரும் புகழ்வர். விலைகொடுத்து வாங்கிய இயந்திரத்தைக் கணக்குப் பார்த்து விலக்கினார்களே, அத்துணிவையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

என் மாணவன் விலையை உயர்த்தினான். வாடிக்கையாளர் சிலர் விலகினர், தரமறிந்தவர் நின்றனர். இரண்டு இயந்திரங்களில் ஒன்றை விற்றுக் கடனை அடைத்தான். இப்போது யாரேனும் விலை கேட்டால், "நாளைக்குச் சொல்கிறேன்" என்று கூறிவிட்டு, இரவில் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அமர்கிறான்.