ஏடும் பெட்டியும்

சுன்னாகம் என்றதும் சந்தையை நினைப்பவரே இன்று பலர். விநாயக விரத நாள்களிற் கோயில்களிலே படிக்கப்பெறும் பிள்ளையார் கதையைப் பாடிய வரத பண்டிதரும், 1854 இற் பிறந்து தமிழ்ப் புலவர் சரித்திரம் எழுதிய அ. குமாரசுவாமிப் புலவரும் இவ்வூரினர். இத்தகைய ஊரின் பழைய வீடுகளில் வைத்தியமோ சோதிடமோ கூறும் ஏட்டுச் சுவடி இரண்டொன்று இன்னும் கிடப்பது வியப்பன்று. அவற்றை எந்தப் பெட்டியில் வைப்பது என்பதே கேள்வி.

அண்மையில் மாணவர் ஒருவர், கமராக்காரர் கொண்டு திரியும் கறுத்த வன்பிளாஸ்ரிக் பெட்டியொன்றை என்னிடம் காட்டினார். விளிம்பைச் சுற்றி றப்பர் வளையம். உள்ளே மெத்தென்ற நுரைப்பஞ்சு. நீரில் விழுந்தாலும் உள்ளே ஈரம் புகாதாம். "ஐயா, ஏட்டுக்கு இதைவிட நல்ல பெட்டி உண்டோ?" என்றார். உண்டு என்றேன். ஏனெனில், கமராவுக்குப் பகை அடியும் மழையும்; ஏட்டுக்குப் பகை வேறு.

அந்தப் பகையை நம்மவருள் நன்கு கண்டறிந்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. 1887 இல் வெளியிட்ட கலித்தொகைப் பதிப்புரையில், கட்டை அவிழ்க்கும்போதே இதழ் ஒடிவதையும் ஓரம் உதிர்வதையும் அவர் கூறி வருந்துவதைப் படித்தவர் மறவார். அந்த ஏடுகளை எவரும் கீழே போட்டு உடைக்கவில்லை. வெப்பமும் ஈரமும் மாறிமாறி வந்தமையாலும், பூச்சியாலும், திறந்து பாராமையாலும் அவை கிடந்த இடத்திலேயே மாண்டன. அவர் ஏழாலையில் நிறுவிய பாடசாலையிற் கற்பித்த குமாரசுவாமிப் புலவரும் இத்தகைய ஏடுகளோடு பழகியவரே.

நம் முன்னோர் செய்த காப்பு எளியது. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஏட்டின் மேலும் கீழும் வைத்த மரச்சட்டம் ஓலையைச் சுருளவிடாது. சுற்றிய துணி ஈரத்தை முதலில் தான் வாங்கிக்கொள்ளும். உள்ளே இட்ட வசம்பு பூச்சியை விலக்கும். இவற்றை ஏற்ற மரப்பெட்டகமோ வாடைக்காலத்தில் ஈரத்தைச் சிறிது உறிஞ்சிக் கோடையில் வெளிவிடும். அதாவது, மூச்சு விடும். பின்னர் வந்த றங்குப்பெட்டி கறையானையும் எலியையும் தடுத்தது மெய். ஆனால் இரவிலே தகடு குளிர, உட்புறம் வியர்த்துத் துருப்பிடித்தது. துருக்கறை ஏறிய ஏட்டை நான் கண்டிருக்கிறேன். அது கழுவினாற் போகாது.

வன்பிளாஸ்ரிக் பெட்டியின் குணமே அதன் குற்றம். அது வெளியீரத்தை உள்ளே விடாது. உள்ளீரத்தை வெளியே விடாது. கார்த்திகை மழையில் ஏட்டை வைத்து மூடினால் அந்த மழையையும் சேர்த்தே பூட்டிவிடுகிறோம்; பூஞ்சணம் பிடிக்கப் பிறகு வேறொன்றும் வேண்டியதில்லை. கமரா வில்லைக்கும் இதே கதிதான் என்பதைப் படப்பிடிப்பாளர் அறிவர். நுரைப்பஞ்சிலும் சிலவகை ஆண்டுகள் செல்லச் சிதைந்து பசையாகும். பருத்தித் துணி சுற்றாமல் ஏட்டை அதன்மேல் வைத்தல் தகாது.

அப்படியாயின் அந்தப் பெட்டி வேண்டாவோ? வேண்டும், வழிப்பயணத்துக்கு வேண்டும். யாழ்ப்பாணத்தில் வழிப்பயணம் சொல்லிக்கொண்டு வருவதன்று. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. எங்கள் உறவினர் வீடொன்றில் நால்வர் சேர்ந்தாலன்றி அசையாத பெட்டகம் ஏடுகளோடு அங்கேயே நின்றது. சைக்கிள் கரியரிற் கட்டிய சிறு பெட்டி, காணி உறுதிகளோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் சாவகச்சேரி போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டு திரும்பியபோது பெட்டகமும் இல்லை, ஏடும் இல்லை.

நெருப்புக்கு முன் மரமும் பிளாஸ்ரிக்கும் ஒன்றே. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏடுகளும் போயின. அதற்குக் காப்பு படியெடுத்தலேயன்றிப் பெட்டியன்று. 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் போன்றோர் இன்று ஏடுகளைப் படம்பிடித்துக் கணினியிற் சேர்க்கின்றனர். அங்கே கொண்டுசென்று மீளக் கொணர்வதற்கு வன்பெட்டி மிகப் பொருத்தம்.

ஆகவே வீட்டிலே மரப்பெட்டி, வழியிலே வன்பெட்டி. வாங்குவோர் ஏட்டைச் சட்டத்தோடு அளந்து, சுற்றிலும் இரண்டு விரல் இடம் இருக்கத்தக்கதாகப் பெட்டி தேர்க. உலர்ந்த நாளில் வைத்து மூடுக. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப்பொதி ஒன்றும் உள்ளே இருக்கட்டும். நீலமணிகள் இளஞ்சிவப்பானால் அவை நிறைந்துவிட்டன என்பது பொருள். சூடேற்ற மீண்டும் நீலமாகும். பணம் கொடுக்குமுன், ஏட்டின் எடைக்கு ஈடான எதையேனும் உள்ளே வைத்துத் தூக்கிப் பாருங்கள். வீட்டு முதியவர் ஒருவர் ஒரு கையால் தூக்கிக்கொண்டு படலைவரை நடக்க இயலாதாயின், அடுத்த சிறிய பெட்டியைக் கேளுங்கள்.