'அட்டாக் ஸ்பீடு 20%' என்றால் ஆயுதம் நிஜமாகவே வேகமாகிறதா? கேமுக்குள் ஓடும் கணக்கு இதுதான்!

முசிறியோ மதுரையோ, செல்போனில் கேம் விளையாடும் பசங்க நாலு பேர் கூடினால் கட்டாயம் வரும் பேச்சு இது: எந்த கன் வேகமா சுடும், எந்த வாள் வேகமா வெட்டும்? ஆயுதத்தின் மேல் 'தாக்கும் வேகம் 20% கூடும்' என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் மாட்டிவிடுவார்கள். சிலர் காசு கொடுத்தும் வாங்குவார்கள்.

ஆனால், அந்த 20% முழுசாக கிடைக்கிறதா? பல கேம்களில் கிடைப்பதில்லை. சில நேரம் துளி கூட கிடைக்காது. ஏன் அப்படி?

தாக்கும் வேகம் என்றால் என்ன?

ஒரு நொடியில் ஆயுதம் எத்தனை முறை தாக்குகிறது என்பதே தாக்கும் வேகம். ஒரு அடியின் பாதிப்பை இதோடு பெருக்கினால், ஒரு நொடிக்கு எதிரிக்கு எவ்வளவு சேதம் என்பது தெரியும். கேமர்கள் இதை 'டிபிஎஸ்' என்பார்கள்.

உதாரணமாக, ஒரு கோடாரி ஒரு அடிக்கு 100 பாதிப்பு தருகிறது. நொடிக்கு ஒரு முறை வெட்டுகிறது. ஒரு கத்தி 60 பாதிப்புதான் தருகிறது; ஆனால் நொடிக்கு 2 முறை குத்துகிறது. கோடாரியின் கணக்கு 100, கத்தியின் கணக்கு 120. சின்ன கத்திதான் ஜெயிக்கிறது.

துப்பாக்கி கேம்களிலும் இதே கணக்குதான். இரண்டு குண்டுகளுக்கு இடையே 0.1 நொடி இடைவெளி என்று வையுங்கள். எதிரி 4 குண்டில் விழுவார் என்றால் ஆகும் நேரம் 0.4 நொடி அல்ல, 0.3 நொடி. முதல் குண்டுக்கு காத்திருப்பு கிடையாது என்பதை பலரும் மறந்துவிடுகிறார்கள்.

சதவீதத்தில் என்ன சிக்கல்?

'வேகம் 50% கூடும்' என்றால் நேரம் பாதியாகிவிடும் என்று நினைப்பது பொதுவான தவறு. ஒரு வெட்டுக்கு 1 நொடி ஆகிறது என்றால், 50% வேகம் கூடினால் ஆகும் நேரம் சுமார் 0.67 நொடி. நேரம் பாதியாக வேண்டுமென்றால் வேகம் 100% கூட வேண்டும்.

இரண்டு ஆயுதங்களின் சதவீதங்களை எப்படி சேர்ப்பது என்பதும் கேமுக்கு கேம் மாறும். நியூசிலாந்து நிறுவனம் உருவாக்கிய 'பாத் ஆஃப் எக்ஸைல்' கேமில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை சதவீதங்கள் முதலில் ஒன்றோடு ஒன்று கூட்டப்படும். இன்னொரு வகை தனியாக பெருக்கப்படும். நொடிக்கு 1.5 முறை தாக்கும் ஆயுதத்துக்கு, கூட்டும் வகையில் 20%, 30% என இரண்டு கிடைத்தால் மொத்தம் 50%, வேகம் 2.25 ஆகும். அதன்மேல் பெருக்கும் வகையில் ஒரு 20% வந்தால் 2.7 ஆகிவிடும். 'மொத்தம் 70% தானே' என்று மொத்தமாக கூட்டினால் விடை 2.55 என்று தப்பாக வரும்.

25 ஃபிரேம் ரகசியம்

இந்த கணக்குக்கு பெயர்போன கேம், 2000-ல் பிளிஸார்ட் வெளியிட்ட 'டயாப்லோ 2'. 2021-ல் புது கிராபிக்ஸோடு மறுபடியும் வந்தது. படம் எவ்வளவு மெருகேறினாலும், உள்ளே கேமின் கடிகாரம் நொடிக்கு 25 ஃபிரேம் என்றே ஓடுகிறது. அதாவது ஒரு ஃபிரேம் 0.04 நொடி. எந்த தாக்குதலும் முழு ஃபிரேமில்தான் முடியும். பத்தரை ஃபிரேம் என்று ஒன்று கிடையாது.

இதை புரிந்துகொள்ள முசிறி பஸ் ஸ்டாண்டுக்கு போவோம். திருச்சி சத்திரத்துக்கு 15 நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக நடந்து 5 நிமிஷம் முன்னாடியே வந்தாலும், அதே பஸ்ஸில்தான் போகப் போகிறீர்கள். முந்தைய பஸ்ஸை பிடிக்கும் அளவுக்கு சீக்கிரம் வந்தால்தான் லாபம். ஃபிரேம் கணக்கும் அப்படித்தான். அடுத்த படியை தொடும் வரை கூடுதல் வேகம் எல்லாம் வீண்.

கணக்கு போடுவது எப்படி?

டயாப்லோ 2-ல் மூன்று படிகள் உள்ளன.

முதல் படி: பொருட்களில் இருந்து கிடைக்கும் சதவீதத்தை 120-ஆல் பெருக்கி, அதே சதவீதத்தோடு 120-ஐ கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். தசமத்தை விட்டுவிட வேண்டும். 20% என்பது இங்கே 17 ஆகிவிடும். 60% வெறும் 40 தான். 100% என்பது 54 தான். சேர்க்கச் சேர்க்க பலன் குறைந்துகொண்டே போகும்.

இரண்டாம் படி: ஆயுதத்தின் சொந்த வேகத்தை சேர்க்க வேண்டும். 'பெர்சர்க்கர் ஆக்ஸ்' கோடாரிக்கு இது 0. 'ஃபேஸ் பிளேடு' வாளுக்கு கூடுதலாக 30. மொத்தம் 75-ஐ தாண்டாது.

மூன்றாம் படி: தாக்கும் அசைவின் ஃபிரேம் எண்ணிக்கையை இந்த வேகத்தால் வகுத்து, அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றி, அதில் 1 கழிக்க வேண்டும்.

15 ஃபிரேம் அசைவு உள்ள ஒரு வீரர் என்று வைத்து போட்டுப் பார்ப்போம். ஆயுதத்தில் பதிக்கும் ஒவ்வொரு 'ஷேல்' ரூனும் 20% வேகம் தரும். கோடாரிக்கு வரும் விடை இது:

ரூன் இல்லை: 14 ஃபிரேம்
1 ரூன்: 12
2 ரூன்: 11
3 ரூன்: 10
4 ரூன்: 10
5 ரூன்: 9
6 ரூன்: 9

நான்காவது ரூன் எதையும் மாற்றவில்லை. ஆறாவதும் அப்படியே. ஐந்து பதிக்க வழியில்லை என்றால் மூன்றோடு நிறுத்திவிட்டு, மீதி குழியில் பாதிப்பை கூட்டும் வேறு ஒன்றை பதிப்பதுதான் புத்திசாலித்தனம்.

அப்போ வேகமான வாள்தான் சிறந்ததா?

அதுவும் இல்லை. அதே மூன்று ரூனை ஃபேஸ் பிளேடில் பதித்தால் 8 ஃபிரேமில் வெட்டும். நொடிக்கு 3.125 வெட்டு. ஆனால் அதன் அடிப்படை பாதிப்பு 31 முதல் 35 வரை, சராசரி 33. நொடிக்கு சுமார் 103 வருகிறது.

கோடாரி 10 ஃபிரேம், நொடிக்கு 2.5 வெட்டு. அடிப்படை பாதிப்பு 24 முதல் 71 வரை, சராசரி 47.5. நொடிக்கு சுமார் 119. வேறு எந்த கூடுதல் சக்தியும் இல்லாமல் பார்த்தால், மெதுவான கோடாரிதான் முந்துகிறது. வேகத்தை மட்டும் பார்த்து ஆயுதம் எடுத்தால் ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம்.

காசு கொடுத்து வாங்கும் முன்...

டயாப்லோ 2-ல் தப்பான ரூனை பதித்தால் வீணாவது நேரம். இலவசமாக டவுன்லோடு செய்யும் மொபைல் கேம்களில் வீணாவது பணம். அதே வரிசையில் 2022 ஜூனில் செல்போனுக்கு வந்த 'டயாப்லோ இம்மார்ட்டல்' கேமில் பலத்தை கூட்டும் வழிகள் காசுக்கு கிடைக்கின்றன. குலுக்கல் பெட்டி தொடர்பான விதிகளால் பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளில் அந்த கேம் வெளியாகவே இல்லை.

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் குறிவைப்பது, பதிலுக்கு பணம் ஜெயிக்கலாம் என்று எதிர்பார்த்து காசு கட்டி ஆடும் விளையாட்டுகளை. வாளின் வேகம் கூடுகிறதா என்று அந்த சட்டம் வந்து சோதித்துச் சொல்லாது. அந்த வேலை விளையாடுபவருடையது.

சோதிப்பது சுலபம். செல்போனில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் போட்டு, பழைய ஆயுதத்தால் 30 நொடி விடாமல் தாக்குங்கள். மெதுவாக ஓடவிட்டு அடிகளை எண்ணுங்கள். புது ஆயுதத்தை சோதனைக்கு தரும் கேம் என்றால் அதிலும் இதையே செய்யுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால், அந்த 20% திரையில் எழுதிய எழுத்து மட்டும்தான். பெற்றோரின் யுபிஐ பின் நம்பரை கேட்பதற்கு முன்பே இந்த அரை நிமிஷ வேலையை முடித்துவிடுவது நல்லது.